பியர்-டு-பியர் மென்பொருளைப் பொதுவில் வெளியிடலாமா? முடிவெடுக்கும் முறை

ஒரு மென்பொருள் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் தயாராகிவிட்டதா என்ற கேள்வி எல்லா மென்பொருளுக்கும் உண்டு. பியர்-டு-பியர் வகை மென்பொருளில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். வழக்கமான இணையச் சேவையில் நடுவில் ஒரு சர்வர் இருக்கும். எல்லோருடைய தகவலும் அங்கே போய் அங்கிருந்தே திரும்பி வரும். அதில் ஒரு வழு தென்பட்டால் சர்வரில் திருத்தினால் போதும், அனைவருக்கும் சரியாகிவிடும். பியர்-டு-பியர் முறையில் பயன்படுத்துபவர்களின் கணினிகளும் கைபேசிகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. கேட்பது, கொடுப்பது ஆகிய இரு வேலைகளையும் ஒவ்வொரு கருவியும் செய்கிறது. அத்தகைய கருவி ஒவ்வொன்றையும் கணு என்பார்கள். வெளியிட்ட பிறகு ஒரு வழு தெரியவந்தால், மென்பொருளை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தாமாகப் புதிய பதிப்பை ஏற்றும்வரை அந்த வழு வலையமைப்பில் இருந்துகொண்டுதான் இருக்கும். ஒரு கணுவின் கோளாறு அதன் உரிமையாளரோடு நின்றுவிடாமல், அதோடு பேசும் மற்றக் கணுக்களையும் பாதிக்கும்.

விளக்கத்துக்காக ஒரு மென்பொருளை எண்ணிப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் ஒரே கட்டடத்துக்குள் முடிவது அரிது. நூல் ஓரிடத்தில் நிட்டிங் ஆகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கைகள் மாறுகிறது. இவற்றில் பல வேலைகள் ஜாப் ஒர்க்காக வெளியே நடக்கின்றன. எத்தனை கிலோ துணி போனது, எத்தனை கிலோ திரும்பியது, எந்த அளவில் எத்தனை உருப்படி என்ற கணக்கை இந்தக் கூடங்கள் எல்லாம் நடுவில் சர்வர் இல்லாமல் தங்களுக்குள் நேரடியாகப் பகிர்ந்துகொள்ள உதவும் மென்பொருளை, கோயம்புத்தூரில் ஒரு சிறு குழு எழுதி முடித்திருப்பதாகக் கொள்வோம். ஆய்வகத்தில் இருபது கணினிகளில் அது நாள் முழுதும் ஓடுகிறது, எதுவும் நின்றுபோகவில்லை. இதை வெளியிடலாமா? என் கணிப்பில், வெளியிடலாமா கூடாதா என்று சொல்லத் தேவையான செய்தி எதுவும் அந்தக் குழுவிடம் இன்னும் சேரவில்லை.

முதல் காரணம் இணைப்பு. ஆய்வகத்தின் இருபது கணினிகளும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இணைந்தவை. ஒன்றின் முகவரி மற்றொன்றுக்கு நேரடியாகத் தெரியும். வெளியே நிலைமை வேறு. அலுவலகத்தில் உள்ள ரூட்டர், உள்ளிருந்து தொடங்கும் தொடர்பை வெளியே விடும். வெளியிலிருந்து முன்னறிவிப்பின்றி வரும் தொடர்பை மறித்துவிடும். முகவரியை மாற்றித் தரும் நாட் என்ற அமைப்பின் இயல்பு அது. கைபேசி இணைப்பில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு இருக்கிறது. ஐபிவி4 என்ற வகை இணைய முகவரிகள் போதாததால், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் வைக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கென்றே 100.64.0.0/10 என்ற முகவரித் தொகுதி 2012-ல் ஒதுக்கப்பட்டது. இப்படி இரு கணுக்கள் இரண்டு மறைப்புகளுக்குப் பின்னால் இருக்கும்போது, இருவருக்கும் பொதுவான மூன்றாவது கணு ஒன்றின் மூலம் தத்தம் வெளிமுகவரியைப் பரிமாறிக்கொண்டு, ஒரே நேரத்தில் இரு பக்கமிருந்தும் தகவலை அனுப்பினால், இரண்டு ரூட்டர்களும் அது தம் பக்கத்திலிருந்து தொடங்கிய தொடர்பு என்று கொண்டு வழிவிடும். இதைத் துளையிடுதல் என்பார்கள். ஆனால் எதிர்முனைக்கு எதிர்முனை வேறு வாயில் (போர்ட்) எண்ணைத் தரும் நாட் வகைகளில் இந்த உத்தி பெரும்பாலும் தோற்கும். அப்போது இடையில் ஒரு கணு இரு பக்கத் தகவலையும் வாங்கிக் கடத்த வேண்டும்.

எனவே வெளியீட்டை முடிவு செய்பவர் முதலில் கேட்க வேண்டியது, நூறு இணைப்பு முயற்சிகளில் எத்தனை நேரடியாக அமைந்தன, எத்தனை கடத்தும் கணு வழியே அமைந்தன, எத்தனை அமையவே இல்லை என்பதைத்தான். பெரும்பாலான இணைப்புகள் கடத்தும் கணு வழியே போகின்றன என்றால், பெயரளவில் பியர்-டு-பியராக இருந்தாலும், அந்தக் கடத்தும் கணுவின் கொள்ளளவே மொத்த வலையமைப்பின் எல்லை. இந்த அளவீடு ஆய்வகத்தில் கிடைக்காது. அவிநாசி சாலையில் உள்ள அலுவலக பிராட்பேண்ட், பெருந்துறைச் சாயப்பட்டறையில் வெவ்வேறு நிறுவனங்களின் சிம், தாளவாடி அல்லது பர்கூர் மலையில் நலிந்த சிக்னல் என்று உண்மையான இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். போக முடியாத இடங்களுக்கு, லினக்ஸில் உள்ள நெட்எம் என்ற வசதியைக் கொண்டு தாமதத்தையும் தகவல் இழப்பையும் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கலாம். அது உண்மையான இடத்துக்கு முழு ஈடாகாவிட்டாலும், எதுவும் செய்யாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பியர்-டு-பியர் வலையமைப்பில் கணுக்கள் வருவதும் போவதும் ஓயாமல் நடக்கும். ஒருவர் மடிக்கணினியை மூடுகிறார், இன்னொருவரின் கைபேசியில் சார்ஜ் தீர்கிறது, மூன்றாமவர் கடையைத் திறந்து கணினியை இயக்குகிறார். இந்த வரத்துப்போக்கைத் தாங்குவதற்கென்றே இத்தகைய மென்பொருள்கள் வடிவமைக்கப்படுகின்றன. 2002-ல் மேமௌன்கோவ், மசியரெஸ் ஆகிய இருவர் வெளியிட்ட காடெம்லியா என்ற வடிவமைப்பு, கோப்புகளைப் பகிரும் பிட்டாரண்ட் உட்படப் பல வலையமைப்புகளுக்கு அடிப்படையானது. அதில் ஒவ்வொரு தகவலும் ஒன்றுக்கு மேற்பட்ட கணுக்களில் வைக்கப்படுகிறது. எத்தனை கணுக்கள் என்ற எண்ணை, அத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்து செயலிழப்பது மிக அரிதாக இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதன் ஆசிரியர்கள் கூறி, எடுத்துக்காட்டாக 20 என்ற எண்ணைத் தந்தார்கள். வெகுநேரமாக இணைப்பில் இருக்கும் கணு இனியும் இருக்கக்கூடும் என்ற முந்தைய அளவீடு ஒன்றை நம்பி, புதிய கணுவைவிடப் பழைய கணுவுக்கு அதில் முன்னுரிமையும் தரப்பட்டது.

இந்த எண்ணின் பின்னால் ஓர் ஊகம் இருக்கிறது: ஒரு கணு போவதற்கும் மற்றொரு கணு போவதற்கும் தொடர்பு இல்லை என்பதே அது. உலகெங்கும் பரவிய வலையமைப்பில் இந்த ஊகம் பெரும்பாலும் பொருந்தும். நம் எடுத்துக்காட்டில் பொருந்தாது. பல்லடத்திலோ சோமனூரிலோ துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால், அந்த வட்டாரம் முழுவதும் காலையில் ஒரே நிமிடத்தில் மின்சாரம் நிற்கும்; மாலையில் ஒரே நிமிடத்தில் திரும்பும். ஒரு தகவலின் இருபது பிரதிகளும் அந்த ஒரே வட்டாரத்தில் இருந்தால், இருபது என்ற எண்ணுக்கு அன்றைக்குப் பொருளே இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து மின்சாரம் திரும்பும் நொடியில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கணுக்கள் ஒரே சமயத்தில் எழுந்து, ஒரே சமயத்தில் மற்றவர்களைத் தேடத் தொடங்கும்.

கூட்டமாக எழுவது எத்தகைய தொல்லையைத் தரும் என்பதற்கு, இணையவழி அழைப்புச் சேவையான ஸ்கைப்பின் வரலாற்றில் சான்று இருக்கிறது. அந்நாளில் ஸ்கைப் பியர்-டு-பியர் அடிப்படையில் இயங்கியது. நல்ல இணைப்புள்ள பயனர்களின் கணினிகளே சூப்பர்நோட் என்ற பெயரில் மற்றவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை ஏற்றிருந்தன. 2007 ஆகஸ்ட் 16 அன்று, விண்டோஸின் வழக்கமான புதுப்பிப்பை ஏற்ற ஏராளமான கணினிகள் குறுகிய நேரத்துக்குள் மறுதொடக்கம் ஆகின. அவை அனைத்தும் மீண்டும் உள்நுழைய முயன்றபோது, வழிகாட்ட வேண்டிய கணினிகளும் இல்லாமல் போயிருந்தன. அதுவரை வெளிப்படாத ஒரு வழு, வள ஒதுக்கீட்டு நிரலில் அப்போது தலைகாட்டியது. சேவை முழுமையாகத் திரும்ப ஏறத்தாழ இரண்டு நாள்கள் ஆயின. அதற்கு முன்பும் மாதந்தோறும் விண்டோஸ் புதுப்பிப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. பல தடவை தாங்கிய அமைப்பு அந்த ஒரு தடவை தாங்கவில்லை.

2010 டிசம்பர் 22 அன்று நடந்தது இன்னொரு வகை. உடனுக்குடன் சேராத செய்திகளைக் கையாளும் சில சர்வர்கள் சுமையால் தாமதித்தன. தாமதமாக வந்த பதிலைக் கையாளத் தெரியாமல், விண்டோஸுக்கான ஒரு குறிப்பிட்ட ஸ்கைப் பதிப்பு செயலிழந்தது. உலகப் பயனர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வைத்திருந்தது அந்தப் பதிப்பைத்தான். அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரின் ஸ்கைப் நின்றது. சூப்பர்நோட்களில் 25 முதல் 30 சதவீதம் அவற்றோடு விழுந்தன. மிச்சமிருந்த சூப்பர்நோட்கள் மேல் மொத்தச் சுமையும் சாய, அவையும் தம்மைப் பாதுகாத்துக்கொள்ள விலகின. இதிலிருந்து கற்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு கணு விழுவதால் மற்றக் கணுக்களின் சுமை கூடுகிறதென்றால், எத்தனை விழுந்தால் மீதி தாங்காது என்ற எல்லைக்கோடு எங்கோ இருக்கிறது. அந்த எல்லைக்கோட்டைச் சோதனையில் தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கணுக்களை ஒரே நொடியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு பாதியை நிறுத்த வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரே நொடியில் எழுப்ப வேண்டும். ஒரே கணினியில் ஆயிரம் கணுக்களைப் போலியாக ஓடவிட்டு இதைச் செய்யலாம், செலவும் அதிகமில்லை. எழும் ஒவ்வொரு கணுவும் சீரற்ற ஒரு சிறு நேரம் காத்திருந்து தேடத் தொடங்குமாறும், தோற்றால் அந்தக் காத்திருப்பை இரட்டித்துக்கொள்ளுமாறும் எழுதியிருந்தால் கூட்ட நெரிசல் பெருமளவு தணியும்.

இனி, நான் எதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கருதும் பகுதி: தகவல் பத்திரமாக இருக்கிறதா என்பது. மெதுவாக இருக்கும் மென்பொருளைப் பயனர் பொறுத்துக்கொள்வார், திரையின் அழகு குறைந்தாலும் பழகிக்கொள்வார். அனுப்பிய துணியின் கணக்கு மறைந்துபோனால் அதனால் வரும் நட்டமும் சச்சரவும் உண்மையானவை. அவற்றை எந்தப் புதிய பதிப்பாலும் சரிசெய்ய முடியாது.

தகவல் கெடும் வழிகளில் எளிதானது, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போவது. யுபிஎஸ் இல்லாத கணினியில் கோப்பு பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தகவல் மாறிக்கொண்டிருக்கும்போது மின் இணைப்பைப் பிடுங்கி, திரும்ப இயக்கி, கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதாது.

அதைவிட நுட்பமானது, நீக்கிய தகவல் உயிர்பெற்று வருவது. கட்டிங் கூடத்தில் ஒரு தவறான பதிவை நீக்குகிறார்கள் என்று கொள்வோம். அப்போது ஒரு கணு அணைந்திருந்தால், அதனிடம் அந்தப் பழைய பதிவு இருந்துகொண்டே இருக்கும். அது திரும்பி வரும்போது தன்னிடம் உள்ளதை மற்றவர்களுக்குப் புதிய தகவல் போலப் பரப்பிவிடும். இதைத் தடுக்க, நீக்கப்பட்டது என்ற குறிப்பை எல்லாக் கணுக்களும் சில காலம் வைத்திருக்கும். எவ்வளவு காலம் என்பதில்தான் சிக்கல். கசாண்ட்ரா என்ற பரவல் தரவுத்தளத்தில் இந்தக் கால அளவு, யாரும் மாற்றாவிட்டால், 10 நாள். தொழிலாளர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்வரை திருப்பூரில் பல கூடங்கள் ஒரு வாரத்துக்கும் மேல் பூட்டியிருக்கும். சிறிய கூடமாக இருந்தால், வேலை சூடுபிடித்த பிறகே அந்தப் பழைய கணினியை இயக்குவார்கள். ஒரு மாதம் அணைந்திருந்த கணு திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குழுவிடம் சோதித்தறிந்த விடை இல்லையென்றால், அந்த மென்பொருளைக் கொங்கு நாட்டில் வெளியிடக் கூடாது என்பேன்.

கடிகாரத்தையும் நம்பக் கூடாது. தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்த பழைய கணினி, இயக்கியதும் பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியைக் காட்டும். இரண்டு திருத்தங்களில் நேரத்தால் பிந்தியதே செல்லும் என்று மென்பொருள் முடிவு செய்தால், அந்தக் கணினியில் இன்று செய்த திருத்தம் தோற்றுப்போகும். நிகழ்வுகளின் வரிசையைச் சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் எண்ணிக்கை கொண்டே குறிக்கும் வழியை கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே விளக்கியிருக்கிறார்; அந்த வழியிலோ அதன் வழித்தோன்றல்களிலோ ஒன்றைக் கையாண்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வெளியீட்டுக்குப் பிறகு ஒரு நாளும் எல்லாக் கணுக்களிலும் ஒரே பதிப்பு இருக்கப்போவதில்லை. பழையதும் புதியதும் கலந்து பேசும். இது எவ்வளவு பெரிய சங்கதி என்பதைப் பியர்-டு-பியர் முறையில் இயங்கும் மின்னணுப் பணமான பிட்காயின் 2013-ல் காட்டியது. அதன் 0.8 பதிப்பு, உள்ளே இருந்த தரவுத்தளத்தை பெர்க்லி டிபியிலிருந்து லெவல் டிபிக்கு மாற்றியது. பழைய தரவுத்தளத்தில் ஒரே நேரத்தில் பூட்டக்கூடிய பதிவுகளுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அது ஒரு விதியாக எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. 2013 மார்ச் 11 அன்று உருவான, பணப் பரிமாற்றங்களின் ஒரு பெரிய தொகுதியைப் புதிய பதிப்பு ஏற்றது, பழைய பதிப்புகள் பல மறுத்தன, வலையமைப்பு இரண்டாகப் பிரிந்தது. குறை பழைய பதிப்பில்தான் இருந்தது. ஆயினும் பெரும்பாலோர் பழையதில் இருந்ததால், புதிய பதிப்பில் இருந்த முக்கியமான சுரங்கர்கள் (தொகுதிகளை உருவாக்குபவர்கள்) 0.7-க்குத் திரும்பி, பிரிவைச் சில மணி நேரத்தில் சேர்த்துவைத்தார்கள். ஆகவே புதிய பதிப்பைத் தனியாகச் சோதித்து நிறைவடையாமல், முந்தைய பதிப்புகளோடு வெவ்வேறு விகிதங்களில் கலந்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கணுக்கள் தமக்குள் பேசும் முதல் செய்தியிலேயே பதிப்பு எண் இருக்க வேண்டும். புரியாத செய்தி வந்தால் விழுந்துவிடாமல் ஒதுக்கிவிட்டுத் தொடர வேண்டும். முதல் வெளியீட்டில் இந்த இரண்டும் இல்லையென்றால், பிறகு சேர்ப்பது மிகக் கடினம். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது வெளியீட்டைச் சில வாரம் தள்ளிவைக்கலாம்.

அடுத்து, எத்தனை சோதனை போதும் என்ற கேள்வி. இதற்குப் புள்ளியியலில் மூன்றின் விதி என்ற எளிய கணக்கு உண்டு. ஒன்றையொன்று சாராத பல சோதனைகளில் ஒரு தோல்விகூட வரவில்லை என்றால், 3 என்ற எண்ணைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான தோல்வி விகிதம் அந்த அளவுக்கு மேல் இல்லை என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 300 சோதனைகள் தோல்வியின்றி முடிந்தால் தோல்வி விகிதம் 1 சதவீதத்துக்கு உள்ளே. 3,000 முடிந்தால் 0.1 சதவீதத்துக்கு உள்ளே. ஒரு பரிமாற்றம் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் தவறக் கூடாது என்று குறிக்கோள் வைத்துவிட்டு, இருநூறு தடவை பார்த்தோம், தவறவில்லை என்று வெளியிட்டால், குறிக்கோள் எட்டப்பட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே சூழலில் மூவாயிரம் தடவை செய்வதும் இந்தக் கணக்குக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவை ஒன்றையொன்று சார்ந்தவை.

சராசரியும் ஏமாற்றும். கீழ்பவானி வாய்க்காலைப் பற்றிப் பேசும் விவசாயி, பவானிசாகரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதோடு பேச்சை முடிக்க மாட்டார். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளும் அந்த வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்றே கேட்பார். மென்பொருளிலும் கேட்க வேண்டிய கேள்வி அதே வகையானது. ஒரு பதிவு மற்றக் கணுக்களுக்குப் போய்ச் சேரச் சராசரியாக இரண்டு நொடி என்பது நல்ல செய்தியாகத் தோன்றும். வரிசையில் கடைசி நூற்றில் ஒரு பங்குக்கு நாற்பது நிமிடம் ஆகிறதென்றால், அந்தப் பங்கில் எப்போதும் விழுபவர் மோசமான இணைப்புள்ள அதே சிறு கூடத்துக்காரராகவே இருப்பார். அவருக்கு அந்த மென்பொருள் வேலை செய்யவில்லை என்பதே உண்மை.

கெடுநோக்குள்ளவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடையாளத்தைச் சரிபார்க்கும் நடு அமைப்பு இல்லாத வலையமைப்பில் ஒருவரே ஆயிரம் கணுக்களாக வேடமிட முடியும் என்பதை ஜான் டூசர் 2002-ல் எடுத்துக்காட்டினார். அதற்குச் சிபில் தாக்குதல் என்று பெயர். அறிமுகமான கூடங்கள் மட்டும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு இணையும் அமைப்பில் இந்த ஆபத்து குறைவு. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றால், இதற்கான விடை இல்லாமல் வெளியிடக் கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகு முடிவை எடுப்பது எப்படி? தேர்ச்சி அளவைகளைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பதுதான் நான் மிகவும் வலியுறுத்துவது. முடிவுகளைப் பார்த்த பிறகு எழுதினால், கிடைத்ததையே போதும் என்று ஏற்கும்படி மனம் இசைந்துவிடும். ஏற்றுமதி சீசன் நெருங்குகிறது, சொன்ன தேதி வருகிறது என்ற நெருக்கடியும் அதற்குத் துணைபோகும். தகவல் இழப்பு, பழைய பதிப்போடு பேச முடியாமை, கூட்டமாக எழும்போது மீளாமை, பாதுகாப்பான புதுப்பிப்பு வழி இல்லாமை ஆகிய நான்கில் எது இருந்தாலும் வெளியீட்டை நிறுத்த வேண்டும்; யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற வலையமைப்பில் சிபில் தாக்குதலுக்கு விடை இல்லாமையும் அப்படியே. மற்றவற்றை வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதிவிட்டு வெளியிடலாம். எல்லாம் முழுமையாகட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, உண்மையான பயனர்கள் வராமல் சில குறைகள் வெளிப்படவே வெளிப்படா.

பதிப்பு எண்ணைப் பார்த்து நிலைத்தன்மையை எடைபோட முடியாது. சின்க்திங் என்ற கோப்பு ஒத்திசைவு மென்பொருள் முதிராத நிலையைக் குறிக்க வழக்கமாக இடும், 0 என்று தொடங்கும் எண்களோடு பல ஆண்டுகள் பரவலாகப் பயன்பட்டு, 2019 ஜனவரியில்தான் 1.0 ஆனது, பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் 2021-ல் 0.21-இலிருந்து நேராக 22.0-க்குப் போனது. எண்ணைவிட, எதை உறுதியாகத் தருகிறோம், எதைத் தரவில்லை என்று எழுதும் இரண்டு வரி பயனருக்கு உதவும்.

வெளியிடுவதையும் படிப்படியாகச் செய்யலாம். முதலில் ஒரே ஆர்டர் சங்கிலியில் உள்ள ஏழெட்டுக் கூடங்களுக்கு, பழைய நோட்டுக் கணக்கையும் விடாமல் எழுதிவரும்படி கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும். நோட்டும் கணினியும் வாரக் கடைசியில் ஒத்துப்போகின்றனவா என்பதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. குறைந்தது ஒரு பராமரிப்பு மின்தடையையும் ஒரு நீண்ட விடுமுறையையும் அந்தக் கூடங்கள் கடந்த பிறகு, வட்டத்தை விரிக்கலாம். சோதனைப் பதிப்புகளுக்குக் காலாவதித் தேதி வைப்பது நல்லது. அந்தத் தேதிக்குப் பின் அது மற்றக் கணுக்களோடு பேசுவதை நிறுத்தி, உள்ளே இருக்கும் தகவலை மட்டும் படிக்கக் கொடுக்கும். புதுப்பிப்புக் கோப்பு மின்கையொப்பமிடப்பட்டதா என்று ஒவ்வொரு கணுவும் சரிபார்த்த பிறகே ஏற்ற வேண்டும். அந்தக் கையொப்பச் சாவியைக் குழுவில் ஒருவரிடம் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. எந்தப் பதிப்பு எத்தனை கணுக்களில் ஓடுகிறது என்ற எண்ணிக்கையைப் பயனரின் ஒப்புதலோடு திரட்டிவந்தால், பழைய பதிப்புக்கான ஆதரவை எப்போது நீக்கலாம் என்பது தெரியவரும். குறைந்தபட்சம் எவ்வளவு காலம் அந்த ஆதரவு தொடரும் என்பதை முதல் வெளியீட்டின்போதே அறிவித்துவிட வேண்டும்.